ஊற்று நீரில் நல்லெண்ணெய்

"மதிப்பிற்குரிய விருந்தினருக்கு, ஆண்கள் பெருங்குளத்தில் இன்று காலை அயற்பொருள் காணப்பட்டதால் மறு அறிவிப்பு வரும்வரை குளம் மூடப்படுகிறது. பொருள்: எண்ணெய், பழுப்பு நிறத் தூள். இதுபற்றி அறிந்தவர் முன்மேசையில் தெரிவிக்க வேண்டுகிறோம்."

ஜனவரி 18, சனிக்கிழமை, காலை பத்து நாற்பதுக்கு எங்கள் அறைக் கதவின் அடியில் செருகப்பட்ட தாள் இது. மேலே ஆங்கிலம், நடுவில் அரபி, அடியில் ஜப்பானிய எழுத்து. தமிழாக்கம் என்னுடையது. அறிந்தவர் என்று அதில் கேட்டிருந்தார்கள் அல்லவா, அப்படி மூன்று பேர் இருந்தோம் என்பது மதியத்துக்குள் எனக்குத் தெரிந்துவிட்டது. என்னோடு தங்கியிருந்த அண்ணன், குளத்தைப் பார்த்துக்கொண்ட பணியாளர், நான். இந்தத் தாளால் வேலை போகும் நிலையில் இருந்தது மூவரில் ஒருவர்தான், அந்தப் பணியாளர்.

நான் வளைகுடாவில், ருவைஸ் என்ற ஊரில் ஓர் ஆலையின் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். கொதிகலனுக்குப் போகும் தண்ணீர், குளிர்கோபுரத்தில் சுற்றும் தண்ணீர், கடலுக்குத் திரும்பும் தண்ணீர் எல்லாவற்றிலும் கொஞ்சம் எடுத்துப் பார்த்து, நேரம் போட்டு எழுதிவைப்பது என் டூட்டி. எழுதும் பழக்கம் அப்படியே ரூமுக்கும் வந்துவிட்டது. அண்ணன் என்று நான் கூப்பிடுகிறவர் அதே ஆலையில் சாரம் கட்டும் பிரிவில் ஃபோர்மேன். சிவகங்கைப் பக்கம். என்னைவிட நான்கு வயது மூத்தவர். பதினோரு வருடமாக ஒரே ரூமில் இருக்கிறோம். என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, 'ரிப்போர்ட்டு' என்பார்.

இருபது வருடம் முடித்தவர்களுக்கு நிறுவனம் வழக்கமாகக் கைக்கடிகாரம் கொடுக்கும். அந்த முறை அதற்குப் பதிலாக, வடக்கு எமிரேட்டுகளின் மலையடிவாரத்தில் இருக்கும் ஒரு ஜப்பானிய வெந்நீர் ஊற்று விடுதியில் இரண்டு இரவு தங்கும் சீட்டு கொடுத்தார்கள். இருவருக்கு ஓர் அறை. எனக்கு அது சரியாகப் படவில்லை. வழக்கத்தை மாற்றுகிறார்கள் என்றால் பின்னால் ஏதோ இருக்கும், ஆட்குறைப்புக்கு முன்னால் காட்டும் மரியாதையாகக்கூட இருக்கலாம் என்று அண்ணனிடம் சொன்னேன்.

"கடிகாரம் குடுத்தா மணி பாத்துக் கெளம்பிர்றாய்ங்கன்னு கண்டுபிடிச்சிருப்பாய்ங்க. நீ பேசாம பேக்கை எடு. யல்லா" என்றார்.

வெள்ளிக்கிழமை காலை மூடுபனி விலகியபின் கிளம்பி, மதியம் மூன்று ஐம்பதுக்குப் போய்ச் சேர்ந்தோம். பழுப்பு மலைக்கு அடியில் தாழ்வான மரக் கட்டடம். காகிதக் கதவு என்று படத்தில் பார்த்ததைத் தொட்டுப் பார்த்தேன், பிளாஸ்டிக் தாள். வாசல் தூணைத் தட்டியதில் மரத்துக்குள் இரும்பு ஒலித்தது. இதையெல்லாம் குற்றமாகச் சொல்லவில்லை. ஆகஸ்டு மாத வெயிலில் காகிதக் கதவு அங்கே நிற்காது. ஆனால் ஓர் இடத்தில் மேல்பூச்சு இருந்தால் இன்னோர் இடத்திலும் இருக்கும் என்ற நினைப்போடுதான் உள்ளே போனேன்.

விடுதித் தலைவி ஜப்பானியப் பெண்மணி, அறுபதை ஒட்டிய வயது. சாம்பல் நிறக் கிமோனோவில், வாசல் மேடையில் மண்டியிட்டு, இரண்டு கைகளையும் தரையில் வைத்து எங்களை வணங்கினார். அண்ணன் திகைத்துப்போனார். அந்தம்மா கீழே இருக்கும்போது நாம் நிற்பது நன்றாக இல்லை என்று என்னிடம் முணுமுணுத்துவிட்டு, செருப்புக் காலோடு தரையில் உட்கார்ந்துவிட்டார். தலைவி முகம் மாறாமல் மறுபடி குனிந்து, அவர் கால் செருப்பைத் தன் கையால் கழற்றி ஓரமாகத் திருப்பி வைத்தார். அண்ணன் பாதங்களை உள்ளே இழுத்துக்கொண்டார்.

தேநீர் தந்தபோது தலைவி தன்னைப் பற்றிக் கொஞ்சம் சொன்னார். அவருடைய குடும்பம் பல தலைமுறையாக அவர்கள் நாட்டில் ஊற்று விடுதி நடத்தியது. இந்த இடத்து உரிமையாளரான எமிராத்தி, அங்கே விருந்தினராகப் போய்த் தங்கியவர், இவரை இங்கே அழைத்துவந்திருக்கிறார். ஏழு வருடம் ஆகிறது. ஒவ்வொரு சொல்லையும் எடைபோட்டு வைப்பது போன்ற ஆங்கிலம். இங்கே தண்ணீரைத் தேக்குவதில்லை, திருப்பி விடுவதில்லை என்றார். மலைக்கு அடியிலிருந்து சூடாக வருகிறது, குளத்தை நிறைக்கிறது, விளிம்பில் வழிந்து ஈச்சந்தோப்புக்குப் போய்விடுகிறது. குளியல் கூடத்துக்கு வெளியே ஒரு பலகையிலும் இதுவே எழுதியிருந்தது. அப்படி நேராக ஓடும் நீரைத்தான் அவர்கள் நாட்டில் உயர்வாக வைக்கிறார்கள் என்று நான் படித்திருக்கிறேன். சுற்றிவிட்ட நீரை ஓடும் நீர் என்று சொல்வது அங்கே பெரிய அவமானம்.

பலகைக்குப் பக்கத்தில் கண்ணாடிச் சட்டத்துக்குள் நீர்ப் பகுப்பாய்வுச் சான்றிதழ். உப்பு இவ்வளவு, கந்தகம் இவ்வளவு, வெப்பம் இவ்வளவு. எல்லாக் கட்டமும் நிரம்பியிருந்தது. சோதனை செய்த தேதி என்ற கட்டத்தில் மட்டும் ஒன்றும் இல்லை. தேதியில்லாத சோதனை முடிவை எங்கள் கூடத்தில் குப்பைக்கூடையில் போடுவோம்.

அன்று மாலை என் குறிப்பு: "6.20. ஆண்கள் குளம். நீர் விளிம்புக்கு இரண்டு விரல் கீழே. வழிகால் ஈரமாக இல்லை. லேசான குளோரின் வாசனை. சோதனைத் தாளில் மெல்லிய நிறமாற்றம்." தாளை நான் ருவைஸிலிருந்தே கொண்டுபோயிருந்தேன். பிறகு டப்பாவைத் திருப்பிப் பார்த்தால் நவம்பரிலேயே காலாவதி. அதையும் எழுதினேன். ஆக, அன்று என் கையில் சந்தேகம் இருந்தது, ஆதாரம் இல்லை.

குளத்துப் பணியாளரை அறிந்துகொண்டதும் அந்த மாலையில்தான். அந்த நாட்டு வழக்கப்படி குளத்தில் துணியில்லாமல் இறங்க வேண்டும். வளைகுடாவில் அது நடக்காது என்பதால் விடுதி எல்லோருக்கும் கருநீல அரைக்கால்சட்டை கொடுத்தது. அண்ணன் அதைத் தூக்கிப் பிடித்து, இதைப் போட்டுக்கொண்டு குளிப்பதும் சட்டையோடு மழையில் நிற்பதும் ஒன்றுதான், நம்ம துண்டு என்ன பாவம் செய்தது என்று தமிழில் புலம்பினார். மூலையில் நீலக் குட்டைக் கோட்டு போட்டுத் துவாலை மடித்துக்கொண்டிருந்தவர் திரும்பாமலே சொன்னார்:

"துண்டுக்கு விடமாட்டாங்கண்ணே. வந்த புதுசுல நானும் கேட்டுப் பாத்துட்டேன்."

முப்பத்தைந்து வயதிருக்கும். காளையார்கோவில் பக்கம். அண்ணனின் ஊருக்கும் அவர் ஊருக்கும் ஒரே பேருந்து. அவ்வளவு போதும், இருவரும் கால்மணி நேரத்தில் பத்து ஊர் சுற்றி வந்துவிட்டார்கள். அவருக்கு அங்கே இரண்டு வேலை. குளத்தைத் துடைப்பது ஒன்று. விருந்தினர் முதலில் சுவரோரம் குட்டை முக்காலியில் உட்கார்ந்து, சோப்புப் போட்டு நன்றாக உடம்பைக் கழுவிவிட்டுத்தான் குளத்தில் இறங்குகிறார்களா என்று பார்ப்பது மற்றது. அங்கே அதுதான் முதல் விதி. குளம் ஊறுவதற்கு, அழுக்கு எடுப்பதற்கு இல்லை.

தண்ணீர் உண்மையிலேயே வழிந்து போகிறதா என்று அவரிடம் கேட்டேன். எனக்கு அதெல்லாம் தெரியாது சார், நான் துடைக்கிற ஆள், பின்னால் இருக்கிற பூட்டின அறைக்கு மெயின்டனன்ஸ்காரர்தான் போவார் என்றார். நான் இன்னும் இரண்டு கேள்வி கேட்டேன். அதற்கும் தெரியாது என்றார். தெரியும், சொல்ல விருப்பமில்லை என்று எனக்குப் பட்டது. அதையும் எழுதிவைத்தேன். இப்போது அந்த வரியை அடிக்கத் தோன்றுகிறது. ஆனால் எழுதியதை அடிப்பதில்லை என்பது என் வழக்கம்.

குளித்துவிட்டு வெளியே வந்து செருப்பு அடுக்கில் நின்றபோது, கால்சட்டையோடு தன்னை ஊரில் பார்த்தால் என்ன சொல்வார்கள் என்று அண்ணன் நடித்துக் காட்டினார். மூன்று பேரும் சத்தமாகச் சிரித்துவிட்டோம். விடுதித் தலைவி நடைக்கூடத்தின் மறுமுனையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. எங்களைப் பார்த்துத் தலைகுனிந்து புன்னகைத்துவிட்டுப் போனார். சிரிப்பு தம்மைப் பற்றியதோ என்று அவர் நினைத்திருக்கலாம்.

சனிக்கிழமை காலை ஐந்து இருபதுக்கு விழித்தேன். கோரைத் தரையில் விரித்திருந்த அண்ணனின் மெத்தை காலி. ஆறு ஐந்துக்குத் திரும்பி வந்தார். முகம் பளபளவென்றிருந்தது. சனிக்கிழமை என்றால் அண்ணன் எண்ணெய் தேய்த்துத்தான் குளிப்பார். கேம்பில் இருபது வருடமும் அப்படித்தான். டூட்டி இருந்தால் அதிகாலை நான்கு மணிக்கு எழுந்து தேய்ப்பார். ஆலையை நிறுத்திப் பழுதுபார்க்கும் ஷட்டவுன் காலத்தில் ஒரு முறை விட்டுப்போய், ஒரு வாரம் முழுக்கக் கண் எரிகிறது என்றார். ஆகவே அந்த முகத்தைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. குளியல் கூடம் திறக்கும் நேரம் காலை ஆறு என்று பலகையில் இருந்தது, அவர் ஆறுக்கே முடித்துவிட்டாரே, யார் திறந்துவிட்டார்கள் என்றுதான் யோசித்துக்கொண்டு மறுபடி படுத்தேன்.

பத்து நாற்பதுக்குத் தாள் வந்தது. படித்துச் சொன்னதும் அண்ணன் நிதானமாக, "அது நானா இருக்காதுய்யா" என்றார்.

எப்படி என்று கேட்டேன். முழுவதையும் ஒளிக்காமல் சொன்னார். நல்லெண்ணெய் தலைக்கும் உடம்புக்கும் தேய்த்தது உண்மை. கால்மணி ஊறவைத்தது உண்மை. ஆனால் குளத்தில் இறங்குமுன் அந்த முக்காலியில் உட்கார்ந்து, மர வாளியில் சீயக்காய் கரைத்து, தேய் தேயென்று தேய்த்து, இருபது வாளி ஊற்றியிருக்கிறார். கழுவிவிட்டு இறங்கு என்பதுதானே விதி, நான் சோப்புக்காரனைவிட அதிகமாகக் கழுவினேன் என்றார். அவர் அதை முழுதாக நம்பினார். சீயக்காய் தலை எண்ணெயை எடுக்கும், உடம்பில் ஊறியதில் பாதி தோலிலேயே நிற்கும், சுடுநீரில் உட்கார்ந்தால் வெளியே வரும் என்று நான் விளக்கினேன். காதிடுக்கில் தங்கிய தூளைப் பற்றியும் சொன்னேன். கையை மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தார்.

"வாசம் இருக்கத்தான் செய்யுது" என்றார்.

சற்று நேரத்தில் கதவு தட்டப்பட்டது. தேநீர்த் தட்டோடு குளத்துப் பணியாளர். தட்டை வைத்துவிட்டுக் கதவை இழுத்து மூடினார். நடந்ததை மெதுவாகச் சொன்னார். வெள்ளிக்கிழமை இரவு உணவுக்குப்பின் அண்ணன் கேட்டார், மற்றவர்கள் வருமுன் ஒரு குளியல் போட்டுக்கொள்ளவா என்று. ஊர்க்காரர், வயதில் மூத்தவர், மறுக்க வாய் வரவில்லை. ஐந்தேகாலுக்குத் திறந்துவிட்டார். அதோடு நிற்கவில்லை.

"முதுகுல எட்டலைன்னாரு. நாந்தான் தேய்ச்சுவிட்டேன் சார். நாலு வருசமாச்சு, அந்த வாசத்தை மோந்து. ஒண்ணும் தோணலை எனக்கு."

எட்டு மணிக்கு ஓர் ஐரோப்பிய விருந்தினர் தண்ணீரில் வானவில் மிதப்பதைப் பார்த்துப் புகார் சொல்லியிருக்கிறார். தலைவி வந்து பார்த்தார். அடியில் பழுப்புத் தூள் படிந்திருந்தது. பணியாளரின் அலமாரியைத் திறக்கச் சொன்னார். உள்ளே தலைக்குத் தடவத் தேங்காயெண்ணெய் ஒரு பாட்டில். விருந்தினர் குளத்தில் பணியாளர் குளித்தால் அன்றே வேலை போய்விடும் என்பது அங்கே விதி. குளித்தாயா என்று கேட்டிருக்கிறார். இல்லை என்றார். யார் குளித்தார்கள்? யாரையும் பார்க்கவில்லை என்றார். திறவுகோல் அவரிடம் மட்டும்தான் இருந்தது. மாலை ஐந்து மணிக்கு முடிவு சொல்வதாகத் தலைவி சொல்லியிருக்கிறார்.

உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்றேன்.

"விருந்தாளியைக் காட்டிக்குடுத்தா அது இதைவிடப் பெரிய குத்தம் சார் இங்க. சொல்லிக்குடுத்ததே அப்படித்தான். அவங்க என்ன செஞ்சாலும் அவங்க முகம் வாடக்கூடாது." பிறகு அண்ணனைப் பார்த்து, "நீங்க ஒண்ணும் போய்ச் சொல்லவேண்டாம்ணே. இன்னும் அஞ்சு மணி ஆகலைல்ல. பாப்போம்" என்றார்.

அவர் போனபின் எனக்கு அவர்மேலும் சந்தேகம் வந்தது என்பதை இங்கே எழுதத்தான் வேண்டும். சொல்லவேண்டாம் என்று சொல்வதற்காகவா ஒருவர் தட்டைத் தூக்கிக்கொண்டு வருவார்? சொல்லுங்கள் என்பதைத்தான் அவர் அப்படிச் சொல்லிவிட்டுப் போனார் என்று அண்ணனிடம் சொன்னேன். இருந்தால் என்ன, அவன் இடத்தில் நான் இருந்தால் இன்னும் சத்தமாகச் சொல்லியிருப்பேன் என்றார் அண்ணன். ஆனால் எழுந்திருக்கவில்லை. அவருக்கும் ஒரு தயக்கம் இருந்தது. மார்ச்சில் அவருடைய ஒப்பந்தம் புதுப்பிக்க வேண்டும். நிறுவனம் கொடுத்த பரிசில் போய் இப்படிச் செய்துவிட்டார் என்று விடுதியிலிருந்து ஒரு மின்னஞ்சல் போனால்?

பன்னிரண்டு பதினைந்துக்கு நான் தனியாகக் குளியல் கூடத்துக்குப் போனேன். கதவில் கயிறு கட்டியிருந்தார்கள். கண்ணாடி வழியாகக் குளம் தெரிந்தது. கூரைச் சாளரத்தின் வெயில் விழுந்த இடத்தில் எண்ணெய்ப் படலம் அப்படியே, மெதுவாக வட்டமாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

எனக்கு உடனே விளங்கியது. எண்ணெய் மிதக்கும் பொருள். விளிம்பில் வழிந்தோடும் குளத்தில் முதலில் வெளியேறுவது எண்ணெய்தான். ஐந்தே முக்காலுக்கு இறங்கியவரின் எண்ணெய், வழிந்தோடும் நீராக இருந்தால், எட்டு மணிக்குள் ஈச்சமரத்தடிக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். ஐரோப்பியர் கண்ணில் பட்டிருக்காது, தாளும் வந்திருக்காது. ஆறரை மணி நேரத்துக்குப் பின்னும் படலம் நின்று சுற்றுகிறது என்றால், தண்ணீரை அடியில் உறிஞ்சி, வடிகட்டிச் சூடாக்கி, பக்கவாட்டில் திருப்பி விடுகிறது ஒரு பம்பு. எங்கள் குளிர்கோபுரத் தொட்டியில் நான் தினமும் பார்க்கும் காட்சி. நேற்று மாலையில் பார்த்த இரண்டு விரலும், காய்ந்த வழிகாலும், குளோரினும் ஒரே வரிசையில் வந்து நின்றன.

அறைக்கு வந்தபோது அண்ணன் சட்டையை மாட்டி, தலையைச் சீவி, தயாராக நின்றார். நான் பேச வாயெடுக்குமுன், "வா, இங்கிலீசுல சொல்ல நீ வேணும்" என்றார். மின்னஞ்சல் போனால் என்ன செய்வீர்கள் என்றேன். "போனாப் போகுது. அவன் எனக்கு முதுகு தேய்ச்சவன்யா" என்றார்.

தலைவி எங்களைத் தோட்டத்தை நோக்கிய சிறிய அறையில் உட்காரவைத்தார். அண்ணன் மண்டியிட முயன்று, முட்டி ஒத்துழைக்காமல் சம்மணமிட்டார். அவர் தமிழில் சொல்லச் சொல்ல நான் ஆங்கிலத்தில் சொன்னேன். எங்கள் பக்கத்தில் ஆண்களுக்குச் சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் உண்டு, உடம்புச் சூடு தணிய. கழுவிவிட்டதாக நினைத்தேன். தப்பு என்னுடையது. கதவைத் திறக்கச் சொன்னதும் நான். அந்தத் தம்பி என் முகம் வாடக்கூடாது என்று மறைத்தார்.

தலைவி கவனமாகக் கேட்டார். கடைசி வரிக்கு மட்டும் கண்ணைத் தாழ்த்தினார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார், என்ன எண்ணெய் என்று. எள் என்றேன். அவர் முகம் சற்று இளகியது. அவருடைய அம்மாவும் சமையலில் எள்ளெண்ணெய்தான் சேர்ப்பாராம். பணியாளர் தம்மிடம் பொய் சொன்னது தவறு, ஆனால் எதற்காகச் சொன்னார் என்பது இப்போது புரிகிறது, நான் அவரோடு பேசுகிறேன் என்றார். அவர் குரலை வைத்துச் சொல்கிறேன், அந்த நிமிடத்தில் பணியாளரின் வேலை நிலைத்துவிட்டது. நான் எழுந்து வணங்கிவிட்டு வந்திருக்க வேண்டும்.

நான் எழுந்திருக்கவில்லை. பேசுகிறேன் என்றாரே, வைத்துக்கொள்கிறேன் என்று சொல்லவில்லையே என்று என் மனம் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டது. முடிவை உறுதி செய்துகொள்ள என்னிடம் ஒரு பிடி இருக்கிறது என்று நினைத்தேன். ஆகவே மரியாதையாகத்தான் ஆரம்பித்தேன். தண்ணீர் வழிந்தோடியிருந்தால் எண்ணெய் தங்கியிருக்காது, ஆகவே இது பணியாளரின் குற்றம் மட்டும் அல்ல, பம்பில் சுற்றும் குளத்தில் இப்படித்தான் ஆகும் என்றேன். சான்றிதழில் தேதி இல்லாததையும் சேர்த்துக்கொண்டேன்.

தலைவி தோட்டத்துப் பக்கம் பார்த்தார். வெளியே தோட்டத்தில் யாரோ சரளைக்கல்லை வாருகோலால் இழுக்கும் ஓசை கேட்டது. பிறகு ஆங்கிலத்தில், மிக மெதுவாக, "பம்பு இருப்பதாக உங்களுக்கு யார் சொன்னது?" என்று கேட்டார்.

யாரும் சொல்லவில்லை, எண்ணெயைப் பார்த்து நானே தெரிந்துகொண்டேன், என் வேலையே தண்ணீர் என்றேன். அவர் தலையசைத்தார். நம்பியதற்கான தலையசைப்பு அல்ல அது. நேற்று மாலை செருப்பு அடுக்கின் அருகே மூன்று பேரும் உங்கள் மொழியில் நிறையப் பேசிக்கொண்டிருந்தீர்கள் என்றார். குற்றம்சாட்டும் குரலே இல்லை, நினைவுபடுத்துவதுபோல. அது கால்சட்டையைப் பற்றிய பேச்சு என்று நான் சொன்னபோது எனக்கே அது பொய்போல் ஒலித்தது. "தண்ணீர் ஊற்றிலிருந்துதான் வருகிறது" என்றார். மண்டியிட்டு, கைகளைத் தரையில் வைத்து எங்களை வணங்கினார். பேச்சு முடிந்துவிட்டது.

வெளியே வந்ததும் அண்ணன் என்ன பேசினாய் என்று கேட்டார். சொன்னேன். நடையை நிறுத்திவிட்டார்.

"நான் என் தப்பைச் சொல்லி, கலாஸ்னு முடிச்சிட்டேன்ல. அந்தம்மாவும் எள்ளு வரைக்கும் வந்துருச்சு. நீ எதுக்குய்யா அவங்க தண்ணியில கையை விட்ட?"

அவனுக்காகத்தான் என்றேன். "அவனுக்காகவா, உன் ரிப்போர்ட்டுக்காகவா?" என்று கேட்டுவிட்டு முன்னால் போனார். அன்று இரவு உணவின்போதும் என்னோடு பேசவில்லை. அவருக்குப் பிடிக்காத ஊறுகாயை மட்டும் வழக்கம்போல் என் தட்டில் எடுத்து வைத்தார்.

மாலை ஐந்தரைக்கு நான் நடைக்கூடத்தில் நின்றிருந்தேன். தலைவியின் அறையிலிருந்து பணியாளர் வந்தார். நான் அருகில் போனதும் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "எண்ணெயைப் பத்தி ஒண்ணுமே கேக்கலை சார். பின்னாடி ரூமைப் பத்தியே கேட்டாங்க. யார்கிட்ட என்ன சொன்னேன்னு. நீங்க என்னமும் சொன்னீங்களா?" என்றார்.

ஆமாம் என்றேன். நீங்கள் எனக்கு எதுவும் சொல்லவில்லை என்று தலைவியிடம் மறுபடி போய்ச் சொல்கிறேன் என்றேன். வேண்டாம் சார், மறுபடி போனால் சொல்லிக்கொடுத்து அனுப்பினேன் என்று ஆகிவிடும் என்றார். அதுவும் சரிதான். அவரிடம் கைபேசி எண் கேட்க நினைத்தேன். தலைவி எங்கிருந்தாவது பார்ப்பார் என்று தோன்றியதால் கேட்கவில்லை. அவரும் கொடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது பத்துக்குக் கிளம்பினோம். ஆண்கள் குளம் திறந்திருந்தது. புதுத் தண்ணீர் விளிம்புவரை நிறைந்து வழிகாலில் ஓடிக்கொண்டிருந்தது, அதையும் பார்த்தேன். மூடிய குளத்தைக் காலி செய்து நிரப்பிய அன்று எந்தக் குளமும் வழியும். வாசலில் தலைவி வணங்கினார். குளத்துப் பணியாளரைக் காணோம். அண்ணன் கேட்டார், இன்று அவருக்கு ஓய்வு என்றார் முன்மேசையில் இருந்தவர். வெள்ளிக்கிழமை பேச்சில் தன் ஓய்வுநாள் செவ்வாய் என்று பணியாளர் சொன்னதாக அண்ணனுக்கு ஞாபகம். என் குறிப்பில் அது இல்லை.

பிப்ரவரியில் இரண்டு முறை விடுதிக்குத் தொலைபேசியில் அழைத்தேன். முதல் முறை அவர் டூட்டியில் இல்லை என்றார்கள். இரண்டாம் முறை, பணியாளர்களைப் பற்றி வெளியாருக்குத் தகவல் தருவதில்லை என்றார்கள். அண்ணனைப் பற்றி நிறுவனத்துக்கு எந்த மின்னஞ்சலும் வரவில்லை. மார்ச்சில் ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது. தலைவி ஒரு சொல்லும் வெளியே விடவில்லை. விருந்தினரின் முகம் வாடக்கூடாது என்பது அவருக்குப் பணியாளர்களுக்குச் சொல்லும் பாடம் மட்டும் அல்ல என்று இப்போது நினைக்கிறேன். குளத்தைப் பற்றி நான் சொன்னது சரியா என்பதைக்கூட இன்றுவரை யாரும் மறுக்கவும் இல்லை, ஒப்புக்கொள்ளவும் இல்லை.

ஏப்ரலில் அண்ணன் லீவில் ஊருக்குப் போனபோது காளையார்கோவில் வரை போய் விசாரித்துவிட்டு வந்தார். நான் கேட்காமல் அவராகவே போனது. பேருந்து நிறுத்தத்துத் தேநீர்க்கடையில், குளத்துப் பணியாளருக்கு உறவு என்று சொன்ன ஒருவர், ஜனவரிக் கடைசியில் ஊருக்கு வந்தான், இருபது நாளில் தோஹாவுக்குப் போய்விட்டான், நஜ்மாவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் இருக்கிறான் என்றாராம். இன்னொருவர், அது அவன் தம்பி, மூத்தவன் துபாய்ப் பக்கமே இருக்கிறான், லீவுக்குக்கூட வரவில்லை என்றாராம். இரண்டையும் சொன்னவர் பெயர், நாள், நேரத்தோடு எழுதி வைத்திருக்கிறேன். குளத்துப் பணியாளர் வேலையை விட்டு அனுப்பப்பட்டாரா, அனுப்பப்பட்டிருந்தால் அது எண்ணெய்க்காகவா, நான் பேசிய பம்புக்காகவா என்பது இதை எழுதும் இன்றைய தேதிவரை உறுதி செய்யப்படவில்லை.